நிற்கத் தெரிந்தால்தான் ஓட முடியும்: நீலகிரியில் ஸ்பீடு ஸ்கேட்டிங் தொடங்குபவர்களுக்கு

ஸ்கேட்டிங் என்று சொன்னவுடன் சமவெளியில் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஊட்டியில அவ்வளவு ஐஸ் இருக்கா?" என்பதுதான். ஜனவரியில் தலைகுந்தா புல்வெளி வெள்ளைவெளேரென்று கிடக்கும் படத்தைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அந்த உறைபனி காலை ஒன்பது மணி வெயிலுக்கே தாங்காது. நாங்கள் ஓடுவது சக்கரத்தில். ரோலர் ஸ்பீடு ஸ்கேட்டிங்.

விவரம் தெரிந்தவர்கள் வேறு மாதிரி கேட்பார்கள்: "மலையில எங்கப்பா சமதரை?" அதுதான் சரியான கேள்வி. இங்கே பத்தடி நடந்தால் ஏற்றம், திரும்பினால் இறக்கம். ஸ்பீடு ஸ்கேட்டிங்குக்கோ மட்டமான, வழவழப்பான, ஈரமில்லாத தரை வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது இந்த மாவட்டத்தில் அபூர்வம். பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து மைதானம், சமுதாயக் கூடம், ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் ஏதோ ஒரு சிமெண்ட் முற்றம் என்று இரவல் தரைகளில்தான் எங்கள் பிள்ளைகள் ஓடிப் பழகுகிறார்கள். அதனால் இங்கே புதிதாகச் சேர்பவர் ஸ்கேட் வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. என் மகளைச் சேர்க்கப் போனவன் நான். முதல் வாரமே கையில் விளக்குமாறு கொடுத்துவிட்டார்கள். அன்று முதல் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பேரிங் வண்டிக் காலம்

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் லைனில் நான் வளர்ந்த காலத்தில் ஸ்கேட் என்ற பொருளை யாரும் பார்த்ததில்லை. பேரிங் வண்டி மட்டும் இல்லாத வீடு இல்லை. லாரி ஒர்க்‌ஷாப்பில் கழித்துப் போட்ட பேரிங் மூன்று: பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று. மேலே ஒரு பெட்டிப் பலகை. முன்கட்டையை ஒற்றைப் போல்ட்டில் சுழல விட்டு, இரண்டு முனையிலும் கயிறு கட்டினால் அதுதான் ஸ்டியரிங். ஒருவன் உட்கார, ஒருவன் தள்ள, ஃபேக்டரி ரோட்டு இறக்கத்தில் கரகரவென்று போகும். பிரேக் என்பது காலில் இருக்கும் ரப்பர் செருப்பு. செருப்பு தேய்ந்துபோனவன் தேயிலைச் செடிக்குள் போய்த்தான் நிற்பான். கவாத்து அடித்த புதிது என்றால் உடம்பெல்லாம் கீறல்.

உங்கள் ஊரில் ஸ்கேட்டிங் எப்போது வந்தது என்று யாராவது கேட்டால் நான் துரைமார் காலத்திலிருந்து தொடங்க மாட்டேன். இந்த வண்டியிலிருந்துதான் தொடங்குவேன். ஸ்கேட் சக்கரத்துக்குள் இருப்பதும் அதே பேரிங்தான், சின்ன அளவில்: வெளி விட்டம் 22 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயம் அளவு. 608 என்று கேட்டால் ஹார்டுவேர் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு சக்கரத்துக்கு இரண்டு, ஒரு ஜோடி ஸ்கேட்டுக்கு எட்டுச் சக்கரம் என்றால் மொத்தம் 16.

உலகக் கதையும் இதிலிருந்து ரொம்பத் தூரமில்லை. 1760களில் லண்டனில் ஜான் ஜோசஃப் மெர்லின் என்ற கருவிக் கலைஞர் சக்கரம் வைத்த காலணியை மாட்டிக்கொண்டு, வயலின் வாசித்தபடி ஒரு விருந்துக்குள் உருண்டு போனாராம். திரும்பவும் தெரியாது, நிற்கவும் தெரியாது. நேரே போய் ஒரு பெரிய நிலைக்கண்ணாடியில் மோதினார் என்பார்கள். எங்களுக்குத் தேயிலைச் செடி, அவருக்குக் கண்ணாடி. நூறு வருடம் கழித்து, 1863இல், நியூயார்க்கில் ஜேம்ஸ் பிளிம்ப்டன் நான்கு சக்கர ஸ்கேட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். உடம்பைச் சாய்த்தால் ஸ்கேட்டும் அந்தப் பக்கம் வளையும்படி அதைச் செய்திருந்தார். இன்று நாம் குவாட் என்று சொல்லும் ஸ்கேட் அந்த வழியில் வந்ததுதான்.

நம் மாநிலத்துப் பெயர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். 2023 அக்டோபர் 2 அன்று, ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 3,000 மீட்டர் ரிலேயில் இந்தியப் பெண்கள் அணிக்கும் ஆண்கள் அணிக்கும் வெண்கலம் கிடைத்தது. பெண்கள் அணியில் ஆரத்தி கஸ்தூரி ராஜ், கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆண்கள் அணியில் ஆனந்த்குமார் வேல்குமார் என்று மூன்று தமிழ்நாட்டுக்காரர்கள். அதே ஆனந்த்குமார் 2025இல் சீனாவின் பெய்தாய்ஹேயில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் 1,000 மீட்டரில் தங்கம் வாங்கினார், அப்புறம் மாரத்தானிலும் தங்கம். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் தண்ணீர் பாட்டிலில் அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதலில் தரையைத் தேடுங்கள்

ஸ்கேட் வாங்கிவிட்டு இடம் தேடுவது மாடு வாங்கிவிட்டுப் புல் தேடுவது மாதிரி. எந்த இடத்தில், எந்தக் கிழமை, யார் பொறுப்பில் பயிற்சி நடக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். ஊட்டியில் எச்.ஏ.டி.பி. மைதானத்தில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்கலாம். பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் விவரம் தெரிந்திருக்கும். அதைவிடச் சுலபம், முதுகில் ஸ்கேட் பை மாட்டிய ஒரு பிள்ளையை பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் கூட வரும் அம்மாவிடம் கேட்பது. அரை மணி நேரத்தில் முழு வரலாறும் கிடைக்கும்.

தரையைப் பார்க்கப் போகும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, வாட்டம். மழைத்தண்ணீர் ஓடுவதற்காக நம் ஊரில் எந்தத் தரையையும் லேசாகச் சாய்த்துத்தான் போட்டிருப்பார்கள். ஒரு கோலிக்குண்டை நடுவில் வைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் உருளுகிறது என்று. அந்தப் பக்கத்தில் சுவரோ கம்பி வேலியோ வடிகாலோ இருந்தால் தொடக்கக்காரர்களுக்கு அந்த மூலை ஆகாது. இரண்டு, மரம். கற்பூர மரத்துக்கடியில், அதாவது யூகலிப்டஸுக்கடியில், இருக்கும் மைதானம் பார்க்க அழகாக இருக்கும். அதன் காய் ஒன்று சக்கரத்துக்கடியில் சிக்கினால் போதும், கால் அங்கேயே நின்றுவிடும், உடம்பு மட்டும் போய்க்கொண்டிருக்கும். கடுக்காய் மாதிரி கெட்டியான அந்தக் காயைப் பொறுக்கித்தான் எங்கள் ஒவ்வொரு மாலையும் தொடங்குகிறது.

காலநிலை இன்னொரு கணக்கு. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையில் ஊட்டி, கூடலூர் பக்கம் நனைந்து கிடக்கும்போது கோத்தகிரியில் தரை காய்ந்திருக்கும் நாட்கள் உண்டு. அக்டோபர், நவம்பரில் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும்தான் பிடித்துக்கொள்ளும். அதனால் பழைய குடும்பங்கள் இரண்டு ஊர்த் தரையிலும் ஒரு கால் வைத்திருக்கும். மழை இல்லாவிட்டாலும் நாலு மணிக்கு மேல் மஞ்சு இறங்கினால் சிமெண்ட் வேர்த்துவிடும். உள்ளங்கையைத் தரையில் அழுத்தி எடுத்துப் பாருங்கள். கையில் குளிர்ச்சியோடு பிசுபிசுப்பும் ஒட்டினால் அன்றைக்கு ஸ்கேட் இல்லை, ஷூவோடு உடற்பயிற்சி மட்டும்தான். இதில் மாஸ்டரிடம் கெஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

அதிகாலைப் பயிற்சி என்று யாராவது சொன்னால் வெளிச்சம் வந்தபிறகுதான் கிளம்ப வேண்டும். காட்டெருமையும் கரடியும் நம்மைப் போலவே அதே சாலையில்தான் நடக்கின்றன. ஒரு நாள் நாங்கள் போனபோது மைதானத்து கேட் பக்கத்தில் ஒரு காட்டெருமை சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தது. அன்றைய பயிற்சி வேன் கண்ணாடி வழியாகக் காட்டெருமை பார்ப்பதோடு முடிந்தது.

சாலையில் பழகலாமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். கூடாது. நம் ஊர்ச் சாலை எதுவும் அதற்கானது இல்லை. கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வரும் ஐந்து கிலோமீட்டர் சாலையைப் பார்த்து அங்கிருக்கும் நண்பர்களுக்கும் இதே ஆசை வருகிறது. குதிரை, சைக்கிள், சுற்றுலா கார் எல்லாம் அதே வளைவில் திரும்புகின்றன. அங்கேயும் நடக்கத்தான் லாயக்கு.

ஸ்கேட்டை உடனே வாங்காதீர்கள்

இதை நான் சொந்தக் காசில் கற்றேன். மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு கடையில் பளபளப்பான இன்லைன் ஜோடி ஒன்றை, "வளர்ற பிள்ளைதானே, ரெண்டு சைஸ் பெருசா எடுங்க" என்ற பேச்சை நம்பி வாங்கினேன். உள்ளே இரண்டு கம்பளிக் காலுறை போட்டு இறுக்கிவிட்டோம். மூன்றாம் நாள் கணுக்கால் உள்பக்கம் மடங்கி, ஸ்கேட்டின் ஓரத்திலேயே நின்றுகொண்டு அழுதாள். மாஸ்டர் ஸ்கேட்டைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "சார், இது ஸ்கேட் போட்ட பிள்ளை இல்லை, படகுக்குள்ள நிக்கிற பிள்ளை" என்றார்.

ஸ்கேட்டில் கால் அசையவே கூடாது. குதிகால் பின்னால் பூட்டினாற்போல உட்கார வேண்டும், நிமிர்ந்து நின்றால் பெருவிரல் ஸ்கேட்டின் நுனியைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், முழங்காலை மடக்கியதும் அது லேசாகப் பின்னால் நகர வேண்டும். காலுறை மெல்லியதாக ஒன்றே ஒன்று. குளிருக்குக் கம்பளி போட்டால் கால் உள்ளே வழுக்கும். முதல் மூன்று மாதம் பயிற்சி நடக்கும் இடத்திலேயே இரவல் ஸ்கேட் கேளுங்கள். பெரும்பாலும் கிடைத்துவிடும்.

குவாட்டா, இன்லைனா என்பது அடுத்தது. குவாட்டில் இரண்டிரண்டாக நான்கு சக்கரம். நிற்பது சுலபம், முன்னால் ரப்பர் ஸ்டாப்பர் இருக்கும். இன்லைனில் ஒரே வரிசை. வேகம் அதிகம், கணுக்காலுக்கு வேலையும் அதிகம். போட்டியில் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவு. ஏழெட்டு வயதுக்குக் கீழே குவாட்டில் தொடங்கினால் பயம் போகும் என்பது என் கருத்து. எங்கள் குழுவிலேயே இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு, அவர்கள் பிள்ளைகளும் நன்றாகத்தான் ஓடுகிறார்கள். பெரியவர்கள் நேரே இன்லைனுக்குப் போகலாம், சக்கரம் மட்டும் சின்னதாக இருக்கட்டும். 110 மில்லிமீட்டர் சக்கரம் வைத்த ரேசிங் ஸ்கேட் கணுக்காலுக்குக் கீழேயே வெட்டியிருக்கும். உள்ளே இருக்கும் காலுக்குப் பலம் இல்லாவிட்டால் அது தண்டக் காசு.

பழைய ஸ்கேட் வாங்குவதில் வெட்கமே வேண்டாம். மலையில் இந்த விளையாட்டு உயிரோடு இருப்பதே கைமாறும் ஸ்கேட்டுகளால்தான். என் மகள் இப்போது போடும் ஜோடியின் நாக்கை மடக்கிப் பார்த்தால் பால்பாயிண்ட் பேனாவில் நான்கு பெயர் இருக்கும். மூன்று அடிக்கப்பட்டிருக்கும், நான்காவது அவளுடையது. முதல் பெயருக்குரிய பையன் இப்போது கோவையில் என்ஜினியரிங் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தால் அந்த ஸ்கேட் இன்னும் ஓடுகிறதா என்று பார்க்க மைதானத்துக்கு வருவான்.

பழையதைச் சோதிக்கும் முறை இது. ஸ்கேட்டைத் தலைகீழாக மடியில் வைத்து ஒரு சக்கரத்தை விரலால் சுண்டுங்கள். சத்தமில்லாமல் நெடுநேரம் சுற்றினால் நல்லது. கரகரவென்றால் பேரிங்கில் துரு. அது போனால் போகட்டும், மாற்றிவிடலாம். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் உள்ளே இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஸ்பேசர் குழாய் இல்லை அல்லது பேரிங் தேய்ந்துவிட்டது. அதுவும் மாற்றக்கூடியதே. அடுத்து, சக்கரங்களைத் தாங்கும் ஃப்ரேமை ஒரு கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கி குறி பார்ப்பது போல நுனியிலிருந்து பாருங்கள். எல்லாச் சக்கரமும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். ஒன்று விலகித் தெரிந்தால் ஃப்ரேம் வளைந்திருக்கலாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போல்ட் தலையில் ஆலன் கீ உட்காரும் ஆறுமுகக் குழி வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்பதும் முக்கியம். தேய்ந்த போல்ட்டைக் கழற்ற லேத்துக்குத்தான் போக வேண்டும். கடைசியாக ஷூவின் கணுக்கால் பகுதியைக் கையால் அழுத்துங்கள். காகிதம் மாதிரி மடிந்தால் எவ்வளவு சல்லிசாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சக்கரத்தில் 84ஏ, 85ஏ, 88ஏ என்று எண் போட்டிருக்கும். எண் கூடினால் கடினம். குளிரில் அந்தப் பொருள் இன்னும் இறுகி, பிடிமானம் குறைந்துவிடும். கோவையில் ஓடும் பிள்ளைக்குச் சரியாக இருக்கும் சக்கரம் டிசம்பர் மாத ஊட்டியில் வழுக்குவது அதனால்தான். இங்கே பழகுவதற்குக் கொஞ்சம் மென்மையானதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஹெல்மெட், முழங்கால் கவசம், முழங்கை கவசம், மணிக்கட்டுக் கவசம் நான்கையும் புதிதாகவே வாங்குங்கள். இங்கே மட்டும் இரவல் வேண்டாம், ஹெல்மெட்டுக்கு முக்கியமாக. ஒரு முறை பலமாக அடிவாங்கிய ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே செத்திருக்கும். அப்புறம் ஒரு வேண்டுகோள். குளிருகிறது என்று ஹெல்மெட்டுக்குள் குரங்குக் குல்லா மாட்டி அனுப்பாதீர்கள். குல்லா அமுங்கி ஹெல்மெட் ஆடும், விழும்போது கழன்றுகொள்ளும். காது குளிர்ந்தால் மெல்லிய பட்டை ஒன்று போதும்.

முதல் மாதம்: நிற்பதும் விழுவதும்

பேரிங் வண்டியில் நாங்கள் கற்காத பாடத்தை இங்கே முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறார்கள். இன்லைன் ரேசிங் ஸ்கேட்டில் பிரேக் கிடையாது. காலால்தான் நிற்க வேண்டும்.

முதல் நாள் புல்தரை. சக்கரம் உருளாது, அதனால் பயமில்லாமல் நிற்கலாம், நடக்கலாம், உட்கார்ந்து எழலாம். பாதத்தை வாத்து மாதிரி வெளிப்பக்கம் திருப்பி நடப்பார்கள். பார்க்கிற அண்ணன்மார் சிரிப்பார்கள், அவர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள். அடுத்தது விழுதல். தடுமாறும் ஒவ்வொரு குழந்தையும் பின்னால் சாய்கிறது. பின்னால் விழுந்தால் தலையும் இடுப்பெலும்பும் வாங்கும். முன்னால் விழப் பழக்க வேண்டும்: முழங்கால், முழங்கை, உள்ளங்கை என்ற வரிசையில் கவசங்கள் தரையைத் தேய்க்க. முதல் வாரம் முழுக்க வேண்டுமென்றே விழ வைப்பார்கள். வீட்டுக்கு வந்து "இன்னைக்கு முப்பது தடவை விழுந்தேன்" என்று பெருமையாகச் சொன்னால் பயிற்சி சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

அதன்பிறகு நிற்கும் முறைகள். மெதுவான வேகத்தில் இரண்டு குதிகாலையும் வெளியே தள்ளி, நுனிகளை உள்ளே கொண்டுவந்து ஏர் உழுவது போல அழுத்தி நிற்பது ஒன்று. ஒரு காலில் எடையை வைத்து, இன்னொரு காலைப் பின்னால் குறுக்கே இழுத்துத் தேய்ப்பது இன்னொன்று. மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'டி' எழுத்து போலத் தெரியும் என்பதால் டி-ஸ்டாப் என்பார்கள். டி-ஸ்டாப் நன்றாகப் பழகிய பிள்ளையின் ஒரு கால் சக்கரம் மட்டும் சீக்கிரம் தேயும். வாரம் ஒரு முறை இடது வலது மாற்றிப் போடுங்கள். எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம்: மாஸ்டர் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஓடி வந்து அந்தக் கோட்டுக்குள் நிற்கச் சொல்வார். ஐந்து முறை தொடர்ந்து நின்ற பிள்ளைதான் சுற்றுக்குள் நுழையலாம். என் மகளுக்கு இது மூன்று வாரம் ஆயிற்று. ஒரு பையனுக்கு இரண்டு மாதம். இப்போது அவன்தான் குழுவிலேயே வேகமானவன்.

பிறகு உட்காரும் நிலை. ஸ்பீடு ஸ்கேட்டிங் பார்ப்பவர்களுக்குக் காலாட்டம் தெரியும், ஓடுபவர்களுக்குத் தொடை வலி மட்டும்தான் தெரியும். முழங்காலை நன்றாக மடக்கி, கீழே பார்த்தால் முழங்கால் விரல் நுனியை மறைக்க வேண்டும். முதுகு தாழ்ந்து, பார்வை முன்னே. காலைப் பின்னால் தள்ளக் கூடாது, பக்கவாட்டில் தள்ள வேண்டும். நடந்து பழகிய உடம்பு இதை ஒப்புக்கொள்ள நாளாகும். வீட்டில் தினமும் இந்த நிலையில் இரண்டு நிமிடம் நின்று பல் தேய்க்கச் சொல்லுங்கள். சிரிக்க வேண்டாம், வேலை செய்கிறது.

வளைவில் வலது காலை இடது காலுக்கு மேலே போட்டுத் தாண்டுவதுதான் அடுத்த பெரிய படி. போட்டி எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நடப்பதால் திரும்புவதெல்லாம் இடப்பக்கம்தான். பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடம் எதிர்த்திசையிலும் ஓடினால் இடுப்பு ஒருபக்கமாக இறுகாது.

உயரம் கொடுப்பதும் எடுப்பதும்

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் சுமார் 1,850. ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். மூச்சுக்கு அது நஷ்டம், வேகத்துக்கு லாபம். ஸ்கேட்டர் வேகம் எடுக்க எடுக்க, அவரைப் பிடித்து இழுக்கும் பெரிய எதிரி காற்றுதான். அதனால்தான் ஐஸ் ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் உலகச் சாதனைகள் பெரும்பாலும் சால்ட் லேக் சிட்டி, கால்கரி போன்ற உயரமான ஊர்களின் உள்ளரங்கத் தளங்களில் விழுகின்றன. சால்ட் லேக் சிட்டித் தளம் 1,425 மீட்டர். நம் கோத்தகிரியே அதைவிட உயரம்! இதை ஒரு முறை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, "அப்ப நமக்கு ஏன் சார் ஒரு டிராக் கூட இல்ல?" என்று பத்து வயதுப் பிள்ளை கேட்டது. பெரியவர்கள் எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டோம்.

நடைமுறைக்கு வருவோம். சமவெளியிலிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் பத்து நாள் வேகம் பார்க்காதீர்கள், மூச்சு வாங்கும். உடம்பைச் சூடாக்க இங்கே முழுசாக இருபது நிமிடம் வேண்டும். குளிராக இருப்பதால் தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எல்லோரும் எவர்சில்வர் பாட்டில்தான். வெயில் சுடவில்லை என்று நினைத்தாலும் இந்த உயரத்தில் முகம் கறுத்துவிடும்.

குழுவில் உங்கள் பங்கு

இங்கே சம்பளம் வாங்கும் ஆட்கள் யாரும் கிடையாது. மாஸ்டருக்குக் கொடுக்கும் சிறு கட்டணத்தைத் தவிர மற்றதெல்லாம் கைவேலை. மைதானம் பெருக்குவது, சாவி வாங்கித் திரும்பக் கொடுப்பது, சுற்று எண்ணுவது, முதலுதவிப் பெட்டி நிரப்புவது, வேன் பேசுவது. புதிதாக வருபவர்கள் "நாங்க என்ன செய்யணும்" என்று கேட்க வேண்டாம், கால் மணி நேரம் முன்னால் வந்து விளக்குமாற்றை எடுத்தால் போதும், அன்றே குடும்பத்தில் ஒருவர்.

இரவல் தரை என்பதால் அடிக்கடி கைவிட்டுப் போகும். ஒரு வருடம் நாங்கள் ஓடிக்கொண்டிருந்த ஒரு கூடத்தை, மாநிலப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, சக்கரத் தடம் விழுகிறது என்று சொல்லி மூடிவிட்டார்கள். கோபம் வந்தது. ஆனால் தரையை மண்டிபோட்டுப் பார்த்தபோது அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. டி-ஸ்டாப் போட்ட கறுப்புக் கோடுகள் மொசைக் முழுவதும். அடுத்த ஞாயிறு பன்னிரண்டு பெற்றோர் துணியும் சோப்புத் தண்ணீருமாக உட்கார்ந்து துடைத்தோம். தரை திரும்பக் கிடைத்தது. அன்று முதல் உள்ளரங்கில் கறுப்புச் சக்கரத்துக்கு இடமில்லை.

சமவெளியிலிருந்து பயிற்சியாளரை அழைத்தால் வெளி மாவட்ட வண்டிக்கு இ-பாஸ் எடுக்கச் சொல்ல மறக்காதீர்கள். 2024 மே முதல் இருக்கும் நடைமுறை இது. ஏப்ரல், மே சீசனில் அழைக்கவே வேண்டாம். மலைப்பாதை நெரிசலில் மனிதர் வந்து சேரும்போது பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருக்கும்.

முதல் போட்டி

போட்டிகள் பெரும்பாலும் கீழேதான் நடக்கும். விடிகாலை மூன்று மணிக்கு வேன் கிளம்பும். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு பிள்ளையாவது வாந்தி எடுக்கும். எலுமிச்சம்பழமும் பழைய செய்தித்தாளும் கையோடு இருக்கட்டும். பர்லியாறு தாண்டினால் ஸ்வெட்டர்கள் ஒவ்வொன்றாகக் கழலும். மேட்டுப்பாளையத்தில் இட்லி, இரண்டுக்கு மேல் வேண்டாம்.

போவதற்கு முன்னால் காகிதங்களைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், புகைப்படம். வயதுப் பிரிவு தேதியை வைத்துத்தான். மாவட்டத்திலிருந்து மாநிலம், மாநிலத்திலிருந்து தேசியம் என்று படியேற வேண்டுமானால் இந்திய ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பின் வழியில் வரும் சங்கத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 'தேசியப் போட்டி' என்ற பெயரில் யார் யாரோ நோட்டீஸ் அடிக்கிறார்கள். கட்டணம் கட்டுவதற்கு முன், எந்தச் சங்கத்தின் கீழ் நடக்கிறது, அதன் சான்றிதழ் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் செல்லுமா என்று மாவட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிள்ளை பதக்கத்தோடு சிரிப்பதைப் பார்த்தபிறகு அது செல்லாது என்று சொல்ல நேர்வது கொடுமை.

மட்டமான தரையில் மட்டுமே ஓடிய நம் பிள்ளைகள், வளைவில் உயர்த்திக் கட்டிய டிராக்கை முதலில் பார்த்ததும் மிரளுவார்கள். வார்ம்-அப் நேரத்தில் உள்விளிம்பை ஒட்டி மெதுவாக நான்கு சுற்றுப் போகச் சொல்லுங்கள்; வேகம் வந்தால் சரிவே தாங்கிக்கொள்ளும் என்று கால் தானே புரிந்துகொள்ளும். குறைந்த தூர ஓட்டத்தில் ஸ்டார்ட்டிங்தான் பாதி. எலிமினேஷன் ஓட்டத்தில் குறிப்பிட்ட சுற்றுகளில் கோட்டைக் கடைசியாகத் தாண்டுபவரை வெளியே அனுப்பிக்கொண்டே வருவார்கள். முதலாவதாக வரத் தேவையில்லை, கடைசியாக வராமல் இருந்தால் போதும் என்பதால் மலைப் பிள்ளைகளின் மூச்சுக்கு இது பிடித்த ஓட்டம். இன்னொன்று: முடிவுக் கோட்டில் கணக்கு ஸ்கேட்டின் முன்சக்கரம், நெஞ்சு அல்ல. தடகளம் பார்த்த பழக்கத்தில் பிள்ளைகள் நெஞ்சை நீட்டித் தோற்பார்கள். காலை முன்னே நீட்டச் சொல்லிப் பழக்குங்கள்.

கோவை வெயிலில் ஆகும் தலைவலிக்கு உப்பு, சர்க்கரை போட்ட எலுமிச்சைத் தண்ணீர். முதல் போட்டியில் ஹீட்ஸ் என்ற தகுதிச் சுற்றோடு வெளியே வருவதுதான் வழக்கம். என் மகளும் அப்படித்தான் வந்தாள், கடைசியாக, விழுந்து எழுந்து. வேனில் ஏறியதும் அவள் கேட்டது, "அடுத்த மீட் எப்போ?"

ஊர் திரும்ப இரவாகிவிடும், எல்லோருக்கும் தூக்கம். ஆனால் பேரிங்கை அன்றே பார்த்தாக வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நனைந்த ஸ்கேட்டைப் பையிலேயே விட்டால் நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு நாளில் துரு ஏறிவிடும். சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கைத் தள்ளி எடுத்து, மண்ணெண்ணெயில் அலசி, துணியில் உலர்த்தி, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். ஒரே சொட்டு, கூடினால் தூசி பிடிக்கும். மண்ணெண்ணெய் கிடைக்காத ஒரு நாள் நான் வீட்டில் இருந்த நீலகிரித் தைலத்தில் அலசினேன். அழுக்கு அற்புதமாக விட்டது, ஆனால் அது வழவழப்புக்கு ஆகாது, எண்ணெய் தனியாகப் போட்டே ஆக வேண்டும். அப்புறம் ஒரு வாரத்துக்கு மைதானத்தில் என் மகள் கடந்து போகும்போதெல்லாம், யாருக்கு ஜலதோஷம் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.